தேரும் என்ஜினும்

மயிலாப்பூரில் பைத்தியங்களுக்குப் பஞ்சமே கிடையாது. மார்கழி பிறந்துவிட்டால் சங்கீதப் பைத்தியங்கள் சபா சபாவாக அலைவார்கள். அவர்களில் பாதிப் பேர் சபா காண்டீன் பைத்தியங்கள் என்று சொல்வாரும் உண்டு. சேப்பாக்கத்தில் பந்தயம் நடந்தால் கிரிக்கெட் பைத்தியம். தேர்தல் வந்தால் அரசியல் பைத்தியம். இவர்களையெல்லாம் பைத்தியம் என்று நாம் சொன்னாலும் ஒரு மரியாதையோடுதான் சொல்கிறோம். இந்த வரிசையில் இன்னும் இடம் கிடைக்காமல் வாசற்படியிலேயே நிற்கிறவர்கள் ரயில் பைத்தியங்கள்.

ரயில் பைத்தியம் என்றால் அடிக்கடி ரயிலில் போகிறவர் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. சாதாரண மனிதன் ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்பதற்காக ரயில் ஏறுகிறான். ரயில் பைத்தியமோ, ரயில் ஏற வேண்டும் என்பதற்காக ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. அங்கே இறங்கி, பிளாட்பாரத்து முனை வரைக்கும் நடந்து, பழைய கைகாட்டி மரம் ஒன்று துருப்பிடித்து நிற்பதை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வருகிறது. ஊருக்குள்ளே ஒரு கோயில் இருந்தால்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட ஐந்தாறு பேரோடு எனக்குச் சில வருஷங்களாகச் சிநேகம். ஒருவர் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பூகோளம் கற்பிக்கும் ஆசிரியை. ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இரவெல்லாம் கண் விழித்துவிட்டுப் பகலில் எங்களோடு அலையும் இளைஞன். "நமக்கு எழுதுகிற கை ஒன்று வேண்டும்" என்று பாங்கிக்காரர் சொன்னதால், கதை எழுதிப் பிழைக்கிற என்னையும் சேர்த்துக் கொண்டார்கள். லஸ் முனைக்கு அருகில் ஒரு காப்பிக் கிளப்பில் மாதம் இரண்டு முறை கூடுகிறோம். சங்கம் என்று சொல்லிக் கொள்கிறோமே தவிர, அதற்கு ஒரு பெயர் வைப்பதற்காக மூன்று கூட்டங்கள் கூட்டிக் கலைந்தாகிவிட்டது. தமிழ்ப் பெயரா, இங்கிலீஷ் பெயரா, 'கழகம்' என்றால் ஏதாவது கட்சி என்று நினைத்துக் கொள்வார்களா என்றெல்லாம் விவாதம் நடந்து, காப்பி ஆறிப் போனதுதான் மிச்சம். ஆனால் காரியம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. ரயிலைப் பற்றிய பழைய விஷயங்களைத் தேடிச் சேர்ப்பது. வயதான ரயில்வேக்காரர்களைக் கண்டு கேட்டு எழுதி வைப்பது. என்றைக்காவது ஒரு நாள், சிறியதாக இருந்தாலும், சொந்தத்தில் ஒரு காட்சிசாலை வைப்பது.

"மயிலாப்பூர்க்காரர்களுக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும்?" என்று வடசென்னை நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் பேட்டைக்கு ரயில் வந்ததே 1997-ல்தான். பக்கிங்ஹாம் கால்வாயின் நடுவே தூண்களை நிறுத்தி, படகு போன பாதைக்கு மேலே பறக்கும் ரயிலை விட்டார்கள். ராயபுரத்துக்காரருக்கு இது சிரிப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் பிரயாணிகள் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பம்பாயில் 1853-ல் இந்தியாவின் முதல் பிரயாணி ரயில் புறப்பட்டதே, அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை. ராயபுரத்துக் கட்டடம் தன்னுடைய வெள்ளைத் தூண்களோடு இன்றைக்கும் நிற்கிறது. அதற்கும் முன்னால், 1837-லேயே, செங்குன்றத்துப் பக்கத்திலிருந்து சாலை போடுவதற்குக் கல் கொண்டுவர ஓர் இருப்புப் பாதை போட்டார்கள். காவேரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் பெயர் வாங்கிய ஆர்தர் காட்டன் அதில் சம்பந்தப்பட்டவர். இந்தியாவில் இருப்புப் பாதையின் கதை பம்பாயில் தொடங்குவதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, அது கல் சுமந்துகொண்டு நம் ஊரில் தொடங்கிற்று என்று தெரியும்போது கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

தென்சென்னைக்கும் இதில் பங்கு இல்லாமல் போகவில்லை. 1908-ல் எழும்பூர் ஸ்டேஷன் எழுந்தது. ஹென்றி இர்வின் வரைந்து, சாமிநாதப் பிள்ளை என்ற காண்டிராக்டர் கட்டியது. 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரியில் வீடு கட்டியாகிவிட்டது. வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போக வேண்டுமே? 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் வந்தது. அந்த நாளில் மின்சார ரயில் என்பது பம்பாயைத் தவிர இந்தியாவில் வேறெங்கும் பார்க்க முடியாத அதிசயம். மாம்பலம், கோடம்பாக்கம், சைதாப்பேட்டை என்று இன்று நாம் சொல்கிற நகரம் அந்த ரயிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான். குமாஸ்தாக்கள் காலையில் டிபன் டப்பாவோடு கோட்டைக்குப் போய், மாலையில் மல்லிகைப் பூவோடு மாம்பலத்துக்குத் திரும்பியதற்கு அந்தக் குட்டி வண்டியே காரணம்.

அந்த மீட்டர்கேஜ் வண்டியில் நானும் கல்லூரிக்குப் போயிருக்கிறேன். பெட்டி ஒடுக்கம்; எதிரில் உட்காருகிறவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். கூட்ட நேரத்தில் மூன்றாமவருடைய குடையும் சேர்ந்து இடிக்கும். 2004-ல் அது கடைசியாக ஓடி நின்றது. அகலப் பாதை வந்தது, நல்லதுதான். ஜனங்கள் பெருகும்போது பாதை குறுகலாகவே இருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார். ஆனால் எழுபத்து மூன்று வருஷம் ஒரு நகரத்தையே சுமந்த வண்டி போயிற்றே, அதைப் பற்றி என் பிள்ளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள் ஆரம்பித்தேன். "மீட்டர்கேஜ் என்றால் என்ன அப்பா? மீட்டர் போட்டு ஓடுமா, ஆட்டோ மாதிரி?" என்று கேட்டான். இருபது வருஷத்தில் ஒரு சொல்லுக்கே அர்த்தம் போய்விட்டது. சங்கத்தில் சேருவது என்று நான் தீர்மானித்தது அன்றைக்குத்தான்.

பழைய ரயில்களைக் காப்பாற்றும் காரியத்தைச் சர்க்கார் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தில்லியில் தேசிய ரயில் மியூசியத்துக்கு 1971-ல் அடிக்கல் நாட்டியவர் ராஷ்டிரபதி வி. வி. கிரி. அவரே ஒரு காலத்தில் ரயில்வேத் தொழிலாளர்களின் சங்கத்தை நடத்தியவர்; பொருத்தமான கைதான். 1977-ல் அது திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் தேசம் முழுவதும் சுற்றி, எந்த எந்த ஷெட்டில் எந்தப் பழைய என்ஜின் முட்செடிக்குள் நிற்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பதில் பெரும் பங்கு மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயருடையது. அவர் இந்தியாவில் ஒரு கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். ரயில்வேயில் அவருக்கு இருந்த பதவி கௌரவ ஆலோசகர். கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம். ஒரு தேசத்து மியூசியத்துக்கே அஸ்திவாரத்தில் ஒரு பைத்தியம் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்!

நம் ஊரிலும் 2002-ல் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டி ஒரு ரயில் மியூசியம் வந்தது. 1955-ல் நேரு திறந்துவைத்த அந்தப் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இது அமைந்தது பொருத்தம்தான். திருச்சியில் 2014-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள். விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகலாம். மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடலாம். நீலகிரியில் மலையேறிய என்ஜினைத் தொட்டுப் பார்க்கலாம். இவை இல்லாவிட்டால் அந்த என்ஜின்கள் என்றைக்கோ காயலான் கடைக்குப் போய், உருகி, யார் வீட்டு மாடிப் படிக்கோ கம்பியாகியிருக்கும்.

பிறகு சங்கம் எதற்கு? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்தவர், மேற்கு மாம்பலத்தில் இருக்கும் ஒரு பெரியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார், போடவில்லை. வயது எழுபத்தாறு. இருபது வயதில் விழுப்புரம் ஷெட்டில் என்ஜின் துடைக்கும் வேலையில் சேர்ந்து, பயர்மேனாகி, பிறகு நீராவி போனதும் டீசல் என்ஜின் ஓட்டி, ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகியும் அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்துவிடுகிறார். "டூட்டிக்குக் கூப்பிட ஆள் வர்ற நேரம் தம்பி, உடம்பு மறக்க மாட்டேங்குது" என்கிறார்.

அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். பழைய என்ஜினைக் கண்டதும் கண் கலங்குவார், அதைப் பார்த்து எழுதலாம் என்று எனக்குள் ஒரு சபலம் இருந்தது. பெரியவர் கலங்கவில்லை. ஒரு மாட்டு வியாபாரி சந்தையில் மாட்டைச் சுற்றி வருவதுபோல என்ஜினைச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். "சுத்தமா வெச்சிருக்காங்க. நல்ல பெயிண்டு" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஆனா தூங்குது தம்பி. நெருப்பு இல்லேன்னா இது வெறும் அண்டா" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, "தாத்தா, இதுக்கு எங்கே சாவி போடுவாங்க?" என்று கேட்டாள். பெரியவருக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. சாவி கிடையாது, கரிதான் சாவி என்று ஆரம்பித்தார். அடுத்த முக்கால் மணி நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு சிறிய பொதுக்கூட்டமே சேர்ந்துவிட்டது.

என்ஜினில் கரி போடுவது என்றால் அடுப்பில் விறகு தள்ளுவதுபோல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு சமையல்தான். ஆனால் ஓடுகிற சமையல். நெருப்புப் பெட்டிக்குள்ளே கரி ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் மலையாகக் கொட்டினால் காற்று ஏறாமல் நெருப்பு மூச்சுத் திணறும். ஓரிடத்தில் பள்ளம் விழுந்தால் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து நீராவியைக் கெடுக்கும். ஆகையால் ஒவ்வொரு ஷவல் கரியும் இன்ன இடத்தில் விழ வேண்டும் என்று கணக்கு உண்டு. பின்மூலை இரண்டுக்கும் முதலில், பிறகு பக்கங்கள், கடைசியில் முன்னே. கதவு திறந்திருக்கும் நேரம் கண் இமைக்கும் நேரம். உள்ளே வெள்ளை வெளிச்சம், எதுவும் தெரியாது. ஷவலைத் திருப்பிப் பிடித்து, அதன் ஓரத்தால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பள்ளம் எங்கே என்று பார்க்க வேண்டும். இத்தனையும் ஆடுகிற தரையில் நின்றுகொண்டு.

கரியோடு தண்ணீர்க் கவலை வேறு. கொதிகலத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது ஒரு கண்ணாடிக் குழாய். நெருப்புப் பெட்டியின் மேற்கூரைக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது குறைந்தால் அங்கே வைத்திருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின் மேலே பாய்ந்துவிடும். என்ஜின் பிழைக்கும், பயர்மேனின் மானம் போய்விடும். ஏற்றத்தில் போகும்போது கண்ணாடியில் தெரியும் தண்ணீர் ஒரு கணக்கு. இறக்கத்தில் தலைப்படும்போது அதுவே வேறு கணக்கு. "கண்ணாடி பொய் சொல்லாது. ஆனா ரோடு தெரியாதவனுக்கு அது உண்மையும் சொல்லாது" என்றார் பெரியவர். புகைபோக்கியின் புகை கறுத்தால் கரி அதிகம், ஒன்றும் தெரியாமல் இருந்தால் நெருப்பு மெலிந்தது, இலேசாகச் சாம்பல் நிறமாக இருந்தால் பயர்மேன் சாப்பிடலாம். இவை எந்தப் புஸ்தகத்திலும் இல்லாமல் இல்லை. புஸ்தகத்தில் இருக்கின்றன. ஆனால் புஸ்தகத்தைப் படித்து எவனும் நீச்சல் கற்றுக்கொண்டதில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கு விளங்கிய விஷயம் இதுதான். இரும்பை மியூசியம் காப்பாற்றிவிடும். அந்த இரும்பை உயிரோடு வைத்திருந்த கையை எங்கே வைப்பது? நம் நாட்டில் நீராவி என்ஜின்கள் பெரும்பாலும் 1990-களில் ஓய்ந்தன. அப்போது முப்பது வயதாக இருந்த பயர்மேனுக்கு இன்று அறுபதுக்கு மேல். மூத்தவர்களுக்கு எழுபது, எண்பது. இன்னும் பத்து வருஷம் போனால் என்ஜின் இருக்கும். அதற்குச் சாப்பாடு போடத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

வேல்ஸ் தேசத்தில் இந்தப் பிரச்சினையை ஒரு கூட்டம் எப்படித் தீர்த்தது என்பதைச் சொல்ல வேண்டும். டாலித்லின் என்று ஒரு சிறு ரயில். 1860-களில் மலையிலிருந்து கற்பலகை கொண்டுவரப் போட்டது. அதன் சொந்தக்காரர் 1950-ல் காலமானார். ரயில் நின்றுவிடும் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய சிநேகிதர்களும் அந்த வருஷம் அக்டோபரில் பர்மிங்காமில் ஒரு கூட்டம் போட்டார்கள். 'நாமே ஓட்டினால் என்ன?' என்று கேட்டார்கள். கூட்டம் போடுவது சுலபம், எங்களுக்கே தெரியும். அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1951 மே மாதம் ரயிலை ஓட்டியேவிட்டார்கள். உலகத்திலேயே தொண்டர்கள் கூடிக் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில் அதுதான். முதல் வருஷத்தில் நம்பி ஓட்டக்கூடிய என்ஜின் ஒன்றே ஒன்று. பாதையில் புல் முளைத்து, தண்டவாளம் எங்கே என்று தேட வேண்டியிருந்ததாம். குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் பாதிரிமார்களும் விடுமுறையில் வந்து, அங்கே ஏற்கெனவே வேலை செய்த ஆட்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாதிரிமார்களில் ஒருவர் ஆட்ரி. குழந்தைகளெல்லாம் டெலிவிஷனில் பார்க்கிறார்களே, தாமஸ் என்ற நீல நிற என்ஜின், அதைப் படைத்தவர். இன்றைக்கும் அந்த ரயில் ஓடுகிறது. ஸ்டேஷனிலேயே ஒரு மியூசியமும் இருக்கிறது; அதையும் தொண்டர்களே பார்த்துக் கொள்கிறார்கள்.

'அதெல்லாம் சீமைக்குச் சரி, நம் ஊரில் நடக்குமா?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் நடக்கும் என்பதற்குச் சாட்சி நம்மிடமே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், உதகைக்கு 1908-லும் ஏறிய மலை ரயில் இன்றும் ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று ஏற்றுக் கொண்டது. அந்த ரயில் நிற்காமல் ஓடுவதால் அதை ஓட்டும் வித்தையும் நிற்கவில்லை. பழைய சுவிட்சர்லாந்து என்ஜின்கள் தளர்ந்தபோது, திருச்சிப் பொன்மலைத் தொழிற்சாலையில் அதே ஜாதி என்ஜின்களைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தார்கள்.

பெரம்பூர்த் தொழிற்சாலைக்காரர்கள் செய்தது இன்னும் பெரிது. 1855-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் செய்த 'பேரி குவீன்' என்ற என்ஜினை 1997-ல் அவர்கள் மறுபடி ஓட வைத்தார்கள். ஒழுங்காக ஓடிவரும் உலகத்தின் மிகப் பழைய நீராவி என்ஜின் என்று 1998-ல் கின்னஸ் புஸ்தகத்தில் அது ஏறிற்று. அதனுடைய சகோதரி ஒன்று, இ.ஐ.ஆர். 21 என்ற எண் கொண்டது, அதே வயது. நூறு வருஷத்துக்கு மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றுகொண்டிருந்தது. அதையும் பெரம்பூருக்குக் கொண்டுவந்து, இல்லாத பாகங்களைச் செய்து பொருத்தி, 2010 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் ஓட்டினார்கள். சில வருஷம் கழித்து எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவே ஓடியபோது எங்கள் சங்கம் முழுவதும் கோடம்பாக்கத்துப் பிளாட்பாரத்தில் இருந்தது. எல்லார் கையிலும் டெலிபோன். எல்லாரும் படம் எடுத்தார்கள். பெரியவர் ஒருவர்தான் படம் எடுக்கவில்லை. என்ஜின் வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "சத்தம் சமமா வருது. நெருப்பு நல்லா இருக்கு. உள்ளே எவனோ தெரிஞ்சவன் இருக்கான்" என்றார். அவர் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.

நமக்கு இந்த மாதிரிக் காரியம் புதிதும் அல்ல. பங்குனி உற்சவத்தின்போது கபாலீசுவரர் தேர் மாட வீதியில் வருவதைப் பார்க்கிறோம். அதுவும் ஒரு வண்டிதானே? சக்கரம் உண்டு, அச்சு உண்டு, பாதை உண்டு. என்ஜின் மாத்திரம் ஜனங்கள். வடத்தை இழுப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பிரம்மாண்டமான தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கிறது. அரை அங்குலம் தவறினால் காலும் போகும், தேரும் சாயும். அதை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. தகப்பனாரோடு கூடப் போய், முதலில் கட்டையைத் தூக்கிக் கொடுத்து, பிறகு வைக்கக் கற்றுக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு நாளாவது தேர் ஓடுவதால்தான் அந்த வித்தை செத்துப் போகவில்லை. ஓடாமல் நின்ற தேர்களின் கதையும் நமக்குத் தெரியும். திருவாரூர் ஆழித் தேர் பல வருஷங்கள் நின்று கிடந்து, 1970-ல்தான் மறுபடி ஓடிற்று. திரும்ப ஓட்டுவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தேரை ஷெட்டில் பூட்டி, மேலே வர்ணம் அடித்து, 'தொடாதே' என்று பலகை மாட்டினால் தேரைக் காப்பாற்றியதாக நாம் ஒப்புக்கொள்வோமா?

இனி ஷவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதிலே அவருடைய கை விளக்கு, எண்ணெய் ஊற்றும் குப்பி, ஓரம் கரைந்துபோன விதிப் புஸ்தகம். பெட்டிக்குள் அடங்காமல் பக்கத்தில் படுத்திருப்பது ஷவல். ஓய்வு பெற்ற ஒரு சிநேகிதர் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் மரப் பிடியில் இரண்டு இடம் மாத்திரம் கண்ணாடிபோல் வழவழப்பு. இரண்டு கைகள் முப்பது வருஷம் பிடித்த இடம்.

பெரியவர் குடியிருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் இப்போது இதுதானே தினசரிச் செய்தி? பொங்கலுக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு அவர்கள் வாடகை வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் பரண் கிடையாது. "மாமா, அந்தப் பெட்டிக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடு பண்ணிடுங்க" என்று மருமகள் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு அறையில் ஐந்து பேர் படுக்க வேண்டும். மனிதர்களைக் கிடத்திய பிறகுதானே சரித்திரத்தைக் கிடத்த முடியும்? "பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துக்குவான்" என்று மகனும் சொன்னான்.

பெரியவர் எங்களை அழைத்தார். விளக்கையும் குப்பியையும் புஸ்தகத்தையும் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். பாங்கிக்காரர் ரசீது எழுதினார். பெயரில்லாத சங்கத்தின் முதல் ரசீது. ஷவலுக்காகவும் நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இதைக் கண்ணாடிப் பெட்டியில வெப்பீங்க, இல்லையா?" என்றார்.

"ஆமாம் ஐயா. இடம் கிடைத்ததும்..."

"வேணாம் தம்பி. உங்கள்லே ஒருத்தர் பிடிக்கக் கத்துக்கிட்டா கொடுக்கிறேன். இல்லேன்னா எடைக்கே போகட்டும்."

பூகோள ஆசிரியை அவரைச் சமாதானம் செய்யப் பார்த்தார். கம்ப்யூட்டர் பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழைய செருப்போடும் கிழிந்த சட்டையோடும் மொட்டை மாடியில் வந்து நின்றான். பெரியவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் நெருப்புப் பெட்டியின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டார். அதற்கு முன்னால் இரண்டு பலகையை நிறுத்திக் கதவு வைத்தார். கரிக்குப் பதிலாக உடைந்த செங்கல். முதல் நாள் விழுந்த செங்கலில் பாதி கட்டத்துக்கு வெளியே. ஒன்று கீழ் வீட்டு மாமியின் துளசி மாடத்தில். மாமி மேலே ஏறி வந்து சண்டை போட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் தகப்பனாரும் தஞ்சாவூரில் கார்டாக இருந்தவர் என்று சொல்லி, எல்லாருக்கும் காப்பி அனுப்பினாள்.

இப்போது ஆறு வாரமாகப் பாடம் நடக்கிறது. பையனுக்கு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் வந்து, ஆறி, காய்த்துவிட்டது. இடது பின்மூலை மாத்திரம் இன்னும் பிடிபடவில்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, "வீசாதே, வழிய விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் பக்கத்தில் அமர்ந்து அவர் சொல்கிறதையெல்லாம் எழுதிக்கொள்கிறேன். எழுதியது இருநூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. பொங்கலுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு தாத்தா இருக்கலாம், பாட்டி இருக்கலாம், ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். காயலான் கடைக்காரன் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்து, "இதை எப்படிப் பிடிப்பது?" என்று கேளுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.